தம்பி கொடுத்தது

தெருவில் எல்லோருக்கும் அவள் ஜெராக்ஸக்கா. இரண்டு மெஷின், ஒரு முக்காலி, யாருக்கும் அடங்காத வாய். அதை வைத்தே தனியாகப் பிழைத்தாள். இரண்டு கிட்னியும் கையை விரித்தபோது பெயின்டர் தம்பி முன்னால் வந்தான். "சின்ன வயசுல எங்கிட்ட பிடுங்கித் தின்னது போதாதா? சரி, இதையும் வச்சுக்கோ."

ஆபரேஷன் முடிந்து அவள் வீடு வந்ததும் தம்பிக்குக் கை சும்மா இருக்கவில்லை. அக்கா படுக்கும் அறையில் ஈரம் ஊறிச் சுவர் கறுத்திருந்தது. வெள்ளையடிக்கலாம் என்று சுரண்ட ஆரம்பித்தான். அவளுக்கோ மேற்பார்வை பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "அந்த மூலையை விட்டுட்டியே, கண்ணு தெரியலையா?" என்று விரட்டினாள். மாஸ்க் ஆஸ்பத்திரிக்குத்தான், சொந்த வீட்டில் எதற்கு என்று இருவருமே நினைத்தார்கள்.

கொஞ்ச நாளில் காய்ச்சல், இருமல், சளியில் ரத்தம். நுரையீரலில் பூஞ்சை.

டாக்டரம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "தம்பியோட கிட்னியை உங்க உடம்பு தள்ளிடாம இருக்கத்தான் மாத்திரை குடுத்து எதிர்ப்புச் சக்தியை அமுக்கி வச்சிருக்கோம். நல்ல உடம்புல வாலாட்டாத பூஞ்சை, அதனாலதான் உங்ககிட்ட ஆட்டம் போடுது. அதைக் கொல்ல மருந்து ஏத்துறோம். ஆனா இந்த மாத்திரையையும் குறைச்சாகணும். கிட்னி போனாலும் போகலாம். இந்தப் பூஞ்சை பழைய சுவர்த் தூசியில இருக்கும். வீட்டுல ஏதாவது இடிச்சீங்களா?"

"சுரண்டினேன்" என்றான் தம்பி.

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் பழைய மாத்திரை கைப்பையில் மிச்சம் இருந்தது. நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் எடுத்து விழுங்கினாள். தம்பி வயிற்றைக் கிழித்துக் கொடுத்ததை ஒரு பூஞ்சைக்குப் பயந்து விட்டுக்கொடுப்பதா?

ஸ்கேனில் பூஞ்சை இன்னும் படர்ந்திருந்தது. ரத்தத்தில் மாத்திரையின் அளவு குறையவே இல்லை. டாக்டரம்மா தம்பியைப் பார்த்தார். அவன் அக்காவின் கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்தான்.

"என்னக்கா இது?"

"உன் கிட்னிடா. போனா போகட்டும்னு விடச் சொல்றியா?"

"உனக்குத்தான் கிட்னியைக் குடுத்தேன். கிட்னிக்கு உன்னைக் குடுக்கல."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாத்திரையை அவன் எடுத்துப் போனதைத் தடுக்கவில்லை.

மாதக்கணக்கில் மருந்து ஏறியது. நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். பூஞ்சை அடங்கியது. கிட்னியும் நின்றுபோனது.

உயிர் பிழைத்ததே பெரிசு என்று தெரு சொன்னது. பார்க்க வந்த தம்பி மனைவி அறையைச் சுற்றிப் பார்த்தாள். "சுவர் மட்டும் பளிச்சுன்னு இருக்கு அண்ணி."

பழையபடி டயாலிசிஸ். கொண்டுபோய் விட வந்த தம்பி, நாளை நாலு மாடிக்கு வெளிப்பூச்சு வேலை என்றான்.

"வேற ஆள் இல்லையா?"

"இருக்கான். கூலியும் அவனுக்குத்தான் போகும்."

அவள் டயாலிசிஸ் மெஷின் பக்கம் கையை நீட்டிக்கொண்டே சொன்னாள். "பாத்து ஏறு. நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து இப்ப ஒரு கிட்னிதான் ஓடுது."