பக்கச் சந்தில் ஒரு கேமரா

2010-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில்தான், நாங்கள் இல்லாத நேரத்தில் எங்கள் வீட்டுக்கு யாரோ வந்து போவது எனக்குத் தெரியவந்தது. எதுவும் காணாமல் போகவில்லை. பின்பக்கத்தில் தனியாக இருந்த பழைய கழிவறையில், காலையில் நான் கவிழ்த்து வைத்த பக்கெட் மாலையில் நிமிர்ந்து நிற்கும். அதில் முக்கால்வாசி தண்ணீர் இருக்கும். தரை கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருக்கும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். கணவருக்குக் குறிஞ்சிப்பாடியில் பள்ளிக்கூட வேலை. எங்கள் ஒரே மகள் அந்த வருடம்தான் கோயம்புத்தூர் விடுதிக்குப் போயிருந்தாள். அதுவரை பக்கெட் நிறைந்திருந்தால் அவள் வைத்தது என்று நினைத்திருப்பேன். காலை எட்டு மணிக்குப் பூட்டினால் மாலை ஆறுக்குத்தான் வீடு திறக்கும். வெளிக் கேட்டுக்கு வெறும் கொண்டிதான், பூட்டு கிடையாது. கேட்டிலிருந்து பக்கச் சந்து வழியாக யாரும் பின்னால் போகலாம்.

"எவனோ நோட்டம் பாக்கறான்," என்றார் கணவர். அடுத்த தெருவில் அப்போதுதான் ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். "கேட்டுக்குப் பூட்டுப் போட்டுடலாம்."

"நோட்டம் பாக்கறவன் கக்கூஸைக் கழுவிட்டாங்க போவான்?"

அன்றிலிருந்து பேருந்தில் ஏறினாலும் அலுவலகத்தில் உட்கார்ந்தாலும் அதே நினைப்புதான். இந்நேரம் வந்திருப்பார்களோ? ஆணா, பெண்ணா? பூட்டுப் போட்டால் வருவது நின்றுவிடும். வந்தது யார் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

கேமரா வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். நகைக்கடையிலும் வங்கியிலும் பார்த்ததோடு சரி, தெரிந்தவர் வீடு எதிலும் கேமரா இருந்து நாங்கள் பார்த்ததில்லை. கணவர் யோசித்துவிட்டு, "எட்டாயிரம். அதுக்கு மேல கேக்கக் கூடாது," என்றார். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒதுக்கிய பணம் அது.

கடலூரில் முதலில் போன கடையில் வழவழப்பான ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார்கள். நாலு கேமரா, பதிவு செய்ய ஒரு பெட்டி, தனியாக ஒரு திரை. விலையைக் கேட்டதும் கணவர் புத்தகத்தை மூடி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். எங்களிடம் இருந்ததைப் போல நாலு மடங்கு. கடைக்காரர் விடவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். பார்க்க அசல் கேமராதான். உள்ளே ஒன்றும் கிடையாது. பேட்டரி போட்டால் சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்று எரியும். முந்நூற்றைம்பது ரூபாய்.

"இது போதுங்க சார். பாத்தாலே ஓடிடுவான்."

கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் அவரை வெளியே அழைத்துவந்து, "ஓட வைக்கறதுக்கா வாங்கறோம்? யாருன்னு தெரியணும் எனக்கு," என்றேன்.

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற?"

அதை நான் யோசித்திருக்கவில்லை.

சிதம்பரம் மேல வீதியில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருந்தது. எங்கள் அலுவலகக் கணினிகளைப் பழுது பார்க்க வருபவர் நடத்தியது. மறுநாள் மதிய இடைவேளையில் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் எதையும் எடுத்துக் காட்டவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"ராத்திரி வராங்களா, பகல்லயா?"

"பகல்லதான். நாங்க இல்லாதப்ப."

"அப்ப இருட்டுல தெரியற கேமரா வேணாம் மேடம். அதுலயே வெல கொறையுது. எடம் முழுக்கத் தெரியணுமா, மூஞ்சி தெரியணுமா?"

"மூஞ்சி."

"அப்ப ஒண்ணு போதும். வீட்ல கம்ப்யூட்டர் இருக்கா?"

மகள் விட்டுப்போன கணினி ஒன்று துணி மூடிக் கிடந்தது. அதற்குள் ஒரு அட்டையைச் சொருகினால் கேமராவில் தெரிவதை அதுவே பதிவு செய்துகொள்ளுமாம். ஏதாவது அசைந்தால் மட்டும் பதிவாகும்படி செய்யலாமாம். பழைய பில்லின் பின்பக்கத்தில் எங்கள் வீட்டை நான் வரைய, அவர் சந்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்தார்.

"கக்கூஸ் கதவைப் பாத்த மாதிரி வச்சா நல்லா தெரியாதா?" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அந்தப் பக்கமே திருப்பாதீங்க மேடம். யாரா இருந்தாலும் தப்பு. சந்துல நடந்து வர்றப்ப மூஞ்சி தெரியும், அது போதும்." எனக்குக் காது சுட்டது.

ஒயர் எவ்வளவு வேண்டும் என்று அளந்து வரச் சொன்னார். வீட்டில் டேப் கிடைக்கவில்லை. ஒரு புடவையைத் தரையில் போட்டு அளந்தேன். சமையலறை ஜன்னலுக்கு மேலிருந்து மகள் அறை வரைக்கும் மூன்று புடவை நீளமும் ஒரு முந்தானையும். எல்லாம் சேர்ந்து ஏழாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து மாட்டினார்.

அதன் பிறகு இரண்டு வாரம் எங்கள் வீட்டில் சீரியல் ஓடவில்லை. மாலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். நாங்கள் இல்லாத வீட்டில் இவ்வளவு நடக்கிறதா என்று இருந்தது. ஒரு வெள்ளைப் பூனை தினமும் ஒன்பதேகாலுக்குச் சந்து வழியாகப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பும். அணில்கள் கொடிக்கயிற்றில் ஓடும். எதிர்த்த வீட்டு மாடு கேட் இடுக்கில் மூக்கை நுழைத்துப் பார்க்கும். பக்கத்து வீட்டுக்காரர், எங்களைப் பார்த்தால் வாய் நிறையச் சிரிப்பவர், முருங்கைக் குச்சிகளை ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் போடுவதையும் பார்த்தோம்.

"இது காத்துல விழுந்துச்சுன்னு இல்ல சொன்னாரு!" என்று கணவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

ஆனால் வேற்றாள் ஒருவரும் வரவில்லை. பக்கெட்டோ வழக்கம்போல நிறைந்திருந்தது.

கணவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினார். நானே பக்கெட்டை நிரப்பிவிட்டு மறந்துபோகிறேனோ என்று எனக்கே ஒரு நாள் தோன்றியது. பிறகு ஒரு மாலை, பதிவுகளின் நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எட்டு மணி உண்டு, ஒன்பது உண்டு. பத்திலிருந்து பன்னிரண்டு வரை எந்த நாளும் ஒன்றுமே இல்லை. பூனைகூட இல்லை.

"ஏங்க, நம்ம ஏரியாவுக்கு கரண்ட் கட் எப்ப?"

"பத்து டு பன்னெண்டு," என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கும் புரிந்துவிட்டது.

வருகிறவர் மின்சாரம் போய்க் கேமரா அணைந்த பிறகுதான் வருகிறார். கேமரா இருப்பது தெரிந்துதான் வருகிறாரா? எனக்கு முதன்முறையாகக் கொஞ்சம் பயம் வந்தது. மறுநாள் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் சொன்னதும் அவர் தலையில் தட்டிக்கொண்டார். அடுத்த ஞாயிறு வந்து, மின்விசிறிக்காக வைத்திருந்த இன்வெர்ட்டரோடு கணினியையும் கேமராவையும் இணைத்தார். மாறுகிற நொடியில் அணையாமலிருக்கப் பழைய யூபிஎஸ் ஒன்றை இடையில் வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. "யாருன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க மேடம்," என்றார்.

திங்கட்கிழமை மாலை அவளைப் பார்த்தோம்.

முப்பது வயதிருக்கும். நைலக்ஸ் புடவை, தோளில் ஒரு கைப்பை. நேரம் பத்து ஏழு. சந்தின் முனையில் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரை ஒட்டி வேகமாக நடந்து வந்தாள். ஒன்பது நிமிடம் கழித்து அதே போலத் திரும்பிப் போனாள். அவ்வளவுதான்.

"கூட்டாளி எவனாவது வெளிய நிப்பான்," என்றார் கணவர். ஆனால் குரலில் உறுதி இல்லை. அந்தப் பதிவை நான் நாலைந்து முறை ஓட்டினேன். செருப்பை எதற்குக் கையில் எடுத்தாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்தேன். கணவர் போனதும் முன்கதவைச் சாத்திவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு மின்சாரம் போனது. சிறிது நேரத்தில் கொண்டி விலகும் சத்தம். அவள் பின்னால் போய்விட்டு வெளியே வரும்வரை காத்திருந்து, பின்கதவைத் திறந்தேன்.

அவள் கையிலிருந்த மக் கீழே விழுந்தது. "அக்கா, மன்னிச்சிடுங்கக்கா. நான் எதையும் தொடலக்கா."

"பயப்படாதீங்க. எங்கேர்ந்து வர்றீங்க?"

பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையில் வேலை. கடை என்பது ஒரு ஷட்டர் மட்டும்தான், பின்னால் சுவர், கழிவறை கிடையாது. முதலாளியும் கூட வேலை செய்யும் ஆளும் எதிர்ச் சுவர் ஓரம் போய்விடுவார்கள். அவளால் முடியாது.

"கரண்ட் இருக்கறப்ப கூட்டம் ஜாஸ்திக்கா, நகர முடியாது. கரண்ட் போனாதான் கடைல வேலை இல்ல. டீ குடிச்சிட்டு வரேன்னு சொல்லிட்டு வருவேன்."

"எத்தினி நாளா?"

"ஏழெட்டு மாசமா. மின்னாடி தண்ணியே குடிக்காம இருந்தேன். நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரி வரைக்கும் போயாச்சு. ஒரு நாள் முடியாம உங்க கேட்டத் தொறந்துட்டேன். வாசல்ல உங்க வீட்டு வண்டி நிக்காத நாளாப் பாத்து வருவேன். செருப்புத் தடம் படக் கூடாதுன்னு கழட்டிடுவேன்."

காலை எட்டு மணிப் பேருந்துக்காக ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காத பழக்கம் எனக்கு இருபது வருடமாக உண்டு.

கேமராவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. நிமிர்ந்து ஜன்னலுக்கு மேலே காட்டினேன். அவள் முகம் செத்துவிட்டது.

"எல்லாத்தையும் எடுத்தீங்களா?"

"சந்து மட்டுந்தான் தெரியும். வாங்க, நீங்களே பாருங்க."

உள்ளே அழைத்துப்போய்த் திங்கட்கிழமைப் பதிவை ஓட்டினேன். நின்றபடியே பார்த்தாள். கழிவறை எங்கும் தெரியவில்லை என்பது உறுதியானதும் மூச்சு விட்டாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

"நான் இப்படியாக்கா நடக்கறேன்? திருடி மாதிரி."

அவள் எதிரிலேயே அவள் இருந்த பதிவுகளை எல்லாம் அழித்தேன். இனி செருப்போடு வரச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

மாலையில் கணவரிடம் முழுவதையும் சொன்னேன். "நாளைக்குப் பத்து பேரு வந்தா?" என்றார். "வரட்டுமே" என்று சொல்ல எனக்கும் துணிச்சல் வரவில்லை.

பத்துப் பேரும் வரவில்லை, அவளும் வரவில்லை. ஒரு வாரம் பூனையும் அணிலும்தான். கண்டுபிடிப்பதற்காக வாங்கிய கேமராவில் இப்போது அவள் வரமாட்டாளா என்று தேடிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அவள் நிமிராமல் நகல் எடுத்துக் கொடுத்தாள்.

"ஏன் வரல?"

"கேமரா இருக்கேக்கா. வர்றது போறது எல்லாம் பதிவாகுமேன்னு."

வீட்டுக்கு வந்து கணவரிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் ஏணியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் ஆணியும் சுத்தியலுமாக என்னவோ செய்தார். கேட்டும் சந்தும் படாமல் வெளியே தெருவை மட்டும் பார்க்கும்படி கேமராவைத் திருப்பியிருந்தார். அன்றே போய் அவளிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு முருங்கைக் குச்சி இனி தெரியாதே என்பதுதான் அவருக்கு ஒரே குறை.

திங்கட்கிழமை மாலை பக்கெட் நிறைந்திருந்தது. அதன் பிறகு ஒன்றரை வருடம் வந்தாள். நடுவில் தையல் கடைப் பெண் ஒருத்தியையும் அழைத்துவரலாமா என்று கேட்டுக்கொண்டு அழைத்து வந்தாள். 2012 தொடக்கத்தில் அவள் கடை பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு பெரிய கட்டடத்துக்கு மாறியது. அதைச் சொல்வதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மகளோடு முன்வாசல் வழியாக வந்தாள். அரை மணி நேரம் உட்கார்ந்து, புதுக் கடையில் என்னென்ன மிஷின் இருக்கிறது என்பதையெல்லாம் கணவரிடம் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.