நான் வாசிக்காமல் விட்ட நான்கு வரி

சிங்காரம் அண்ணே! உன்னைக் கொன்றதில் எனக்கும் பங்கு உண்டு. உன்னைத் தடியால் அடித்தவர்களைப் பிடித்தார்கள், பிறகு விட்டார்கள். என்னை யாரும் பிடிக்கவே இல்லை.

இதைப் படிக்கிற நீங்கள் என்னைத் திட்டலாம். திட்டுங்கள்! மூன்று வருடமாக ஊரே என்னை, "பாவம், அண்ணனைப் பறிகொடுத்த பொண்ணு" என்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சட்டசபைக் கூட்டம் முடிந்ததும் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. ஒரு நோட்டீஸ் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பினார். புதிதாக என்னென்ன சட்டம் நிறைவேறியிருக்கிறது என்று ஓட்டுப் போட்டவர்களுக்குச் சொல்லும் நோட்டீஸ். எங்கள் தெருவுக்கு ஒன்றே ஒன்று வந்தது. கட்சிக்காரர் அதை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் அதை என்னிடம் நீட்டினான். தெருவில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் படிப்பு ஐந்தாம் வகுப்பு... அதுவும் பாதியில் நின்றது.

பண்ணை வீட்டுக்கு அதற்கு முன்பே ஒரு நோட்டீஸ் போயிருந்தது. அதனால்தான் அன்று காலையே, களை பறித்துக்கொண்டிருந்த என்னைப் பண்ணையின் ஏஜெண்டு வரப்புக்குக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள செல்வி! இன்னிக்கு ஒரு காயிதம் வரும். குத்தகைக்காரன் பேரப் பதியிறதப் பத்தி அதுல நாலு வரி இருக்கும். அது உங்க ஆளுங்களுக்கு வேண்டாம். பேரு பதியப் போனா உங்க அண்ணன் உசுரோட திரும்ப மாட்டான். நீ படிச்ச புள்ள, உனக்குச் சொல்லணுமா?"

நான் கையிலிருந்த களையை வரப்பில் போட்டேன்.

"பால்வாடிக்கு ஆயா வேணுமாம். ஐயாகிட்ட உன் பேரத்தான் சொல்லியிருக்கேன்" என்றார்.

"சரிங்க" என்றேன். எதற்குச் 'சரிங்க' என்றேன்? அண்ணன் உயிருக்குப் பயந்தா? பால்வாடிக்கு ஆசைப்பட்டா? மூன்று வருடமாக இதையே கேட்டுக்கொள்கிறேன். பயம் என்று சொல்லிக்கொண்டால் தூக்கம் வருகிறது. ஆனால் உண்மை அது மட்டுமில்லை! சேற்றில் நின்று நின்று என் காலெல்லாம் புண். நிழலில் நிற்கிற வேலை எனக்கு வேண்டியிருந்தது.

சாயங்காலம் தெரு முழுக்கக் கூடியது. "ஒரு எழுத்து விடாம படி பாப்பா" என்றான் அண்ணன். படித்தேன். குடியிருக்கிற மனை இனிமேல் குடியிருப்பவனுக்கே என்ற சட்டத்தைப் படித்தேன். ரோடு வரும், பள்ளிக்கூடத்துக்குக் கூரை வரும் என்பதையும் படித்தேன். நடுவில் இருந்த நான்கு வரியை மட்டும் கண்ணால் படித்தேன், வாயால் படிக்கவில்லை. சாகுபடி செய்கிற குத்தகைதாரர் குறித்த நாளுக்குள் தாலுகா ஆபீசில் பேரைப் பதிய வேண்டும், பதிந்தவரை யாரும் நிலத்தைவிட்டு இறக்க முடியாது... அவ்வளவுதான் அந்த நான்கு வரி.

எங்கள் பக்கம் குத்தகைக்குக் காகிதம் கிடையாது. அறுவடை முடிந்ததும் களத்தில் பண்ணைக்குச் சேர வேண்டிய நெல்லை அளந்துவிட்டால் அதோடு சரி. ரசீது கேட்டால், "என்னடா, என்னையே நம்பலியா?" என்பார்கள். அடுத்த போகம் நிலம் கையில் இருக்காது. அதனால் யாரும் கேட்பதில்லை. அப்பா காலத்திலிருந்து நாங்கள் உழுத ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலமும் தாலுகா ஆபீஸின் சாகுபடிக் கணக்கான அடங்கலில் பண்ணையின் சொந்தச் சாகுபடி என்றே இருந்தது. அதை மாற்றத்தான் அந்தச் சட்டம்!

பத்து நாள் கழித்து அண்ணன் ஓடி வந்தான். "பாப்பா, பக்கத்து ஊர்க்காரனுவ எல்லாம் பேரு பதியப் போறானுவளாம். நம்ம நோட்டீஸ்ல அப்படி ஏதும் இருந்துச்சா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாள் மிச்சம் இருந்தது.

"அது பெரிய குத்தகைக்காரங்களுக்குண்ணே. நமக்கில்ல" என்றேன்.

அவன் உடனே தெருவுக்குத் திரும்பி, "எந் தங்கச்சி படிச்சுட்டா, நமக்கில்லையாம். போங்கடா, போயி வேலையப் பாருங்க!" என்று சிரித்தான். பேர் பதிய ஒருவரும் போகவில்லை. அடுத்த மாதம் எனக்குப் பால்வாடி வேலை கிடைத்தது.

தை பிறந்தபோது பேர் பதிகிற நாள் முடிந்துபோயிருந்தது. அண்ணன் நட்ட சம்பா தலை சாய்ந்து நின்றது. நிலம் தன் சொந்தச் சாகுபடி என்று பண்ணை வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுவாளோடு இறக்கியது. "நான் நட்ட பயிருங்க இது!" என்று அண்ணன் வயலுக்கு நடுவில் போய் நின்றான். பின்மண்டையில் தடியால் அடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டு வண்டியில் ஏற்றினோம். நீடாமங்கலம் தாண்டவில்லை... என் மடியிலேயே போய்விட்டான்.

போலீஸ் என்ன எழுதியது தெரியுமா? அத்துமீறி நுழைந்தானாம்! யார் வயலில் யார் அத்துமீறுவது? பேர் மட்டும் பதிந்திருந்தால் அடித்தவன்தானே அத்துமீறியவன்!

மூன்றாம் நாள் எம்.எல்.ஏ. மாலையோடு வந்தார். அண்ணி பாக்கியம் எழுந்து போய் அவர் முகத்துக்கு நேராகக் கேட்டாள்: "சட்டம் போட்டீங்களாமே! எங்ககிட்ட வந்து ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"நோட்டீஸ்ல போட்டிருந்தேனேம்மா... உங்க தெருவுக்கும் அனுப்புனேனே" என்றார் அவர்.

"அதுல அப்படி ஒண்ணும் இல்லீங்க. எங்க செல்வி ஒரு எழுத்து விடாம படிச்சா" என்றது கூட்டம்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "அப்ப அச்சாபீசுல விட்டுப்போச்சு போலிருக்கு. எந் தப்புதான், மன்னிச்சிடுங்கம்மா" என்று அண்ணியைப் பார்த்துக் கும்பிட்டார். செய்யாத தப்புக்கு அந்த மனுசன் கும்பிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை!

ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபம்தான். ஓட்டுக் கேட்க நாலு தடவை எங்கள் தெருவுக்கு நடந்து வந்தவர், அந்தச் சட்டத்தைச் சொல்ல ஒரே ஒரு தடவை வந்திருக்கக் கூடாதா? எங்கள் தெருவில் உழுது பிழைக்கிற பதினொரு குடும்பத்தின் நிலத்தை, ஐந்தாம் வகுப்பை முடிக்காத ஒருத்தியின் நாக்கிலா விட்டுவைப்பது? பண்ணை மேல் கோபம், ஏஜெண்டு மேல் கோபம், போலீஸ் மேல் கோபம். இவர்களையெல்லாம் திட்டும்போது எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கிறது. அப்படி லேசாவதுதான் அசிங்கம்!

இன்றும் அதே பால்வாடியில்தான் இருக்கிறேன். அண்ணன் மகள் அங்கேதான் வருகிறாள். "அத்தை, ஊட்டிவிடு" என்று என் மடியில் வந்து உட்காருகிறாள். ஊட்டுகிறேன். அவள் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நாளைக்கு இதை யாராவது அண்ணிக்குப் படித்துக் காட்டலாம். காட்டட்டும்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். நான் கும்பிட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. என் வாயால் அவனுக்கு நல்லது கேட்கக் கூசுகிறது. அதனால் நீங்கள் கேளுங்கள். மாரியம்மனிடமோ, வேளாங்கண்ணியிலோ, பள்ளிவாசலிலோ... உங்கள் வழக்கப்படி, நீங்கள் எல்லாரும், என் அண்ணன் சிங்காரத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள். எனக்காக வேண்டாம்.