ஞானராஜ் அண்ணனின் கடைசி வரிசை

சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் உச்சியில் பழுதான லிஃப்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது என் மகள் பெனிட்டா போன் செய்தாள். "அப்பா, ஞானராஜ் அங்கிள் போயிட்டாரு." காலையில் நெஞ்சுவலியாம், மதியத்துக்குள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டதாம். ஸ்பேனரை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தோன்றிய முதல் கேள்வியைச் சொன்னால் சிரிப்பீர்கள்: அவர் மனைவி, நம் அண்ணி, ஏன் எனக்கு முன்னால் என் மகளுக்குச் சொன்னார்? அந்த மனுஷன் போகும்போதும் என் வயிற்றெரிச்சலைக் கிளறிவிட்டுத்தான் போனார்.

நம் சபையில் அவரை அறியாதவர் இல்லை. கடைசி வரிசை அவருடையது. அதற்கு முன்னால் சவுண்ட் சிஸ்டம் மேசை என்னுடையது. அவர் சிராங்கூன் ரோட்டில் சேலைக்கடை விற்பனையாளர். நான் லிஃப்ட் மெக்கானிக். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் சபையிலும் அதே வேலையை ஓவர்டைமாகப் பார்ப்பேன், சம்பளம்தான் வராது. சபையாரே, செகண்டரி பள்ளியோடு படிப்பை நிறுத்தியவன் எழுதுவது இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் பொறுத்திருப்பார்.

பெனிட்டா முதன்முதலாகத் தமிழ் ஆராதனையில் கீபோர்டு வாசித்த ஞாயிறு. முடிந்ததும் நேரே அவளிடம் போனேன். "கடைசி சரணத்துல ஓட ஆரம்பிச்சிட்ட. பாடுறவங்களுக்கு மூச்சு வாங்குது." பின்னாலேயே அண்ணன் வந்தார். "போதகர் ஜெபிக்கும்போது மெதுவா வாசிச்ச பாரு, அப்பதான் என் பக்கத்துல இருந்த அம்மா கைக்குட்டைய எடுத்தாங்க." இருவரும் சொன்னது உண்மைதான். அவருக்குக் கிடைத்தது முகம் நிறையச் சிரிப்பு. என்னோடு வீடு வரை வந்தது, காதில் இயர்ஃபோன் மாட்டிய ஒரு பெண். அதன்பிறகு ஒவ்வொரு முறை வாசித்து முடித்ததும் அவள் பார்வை கடைசி வரிசைக்குப் போகும். என்னைத் தாண்டித்தான் போகும், ஆனால் என்னிடம் நிற்காது. லிஃப்ட் நம்ம மாடியில் நிற்காமல் மேலே போவதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே, அதுபோல.

சேலை விற்கிற வாய், அப்படித்தான் பேசும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதை நிரூபிக்கவே ஒரு கிறிஸ்மஸ் சமயம் என் மனைவியை அவர் கடைக்கு அழைத்துப் போனேன். அவள் விலை கூடிய பட்டு ஒன்றைத் தோளில் போட்டுப் பார்த்தாள். இப்போது பாருங்கள் என்று நான் காத்திருந்தேன்.

"இது உங்களுக்கு எடுப்பா இல்ல, தங்கச்சி. வேணாம்," என்றார் அண்ணன்.

"என்னண்ணே, வர்ற வியாபாரத்த நீங்களே கெடுக்கிறீங்க!" என்றேன்.

"ஆராதனைக்கு இதக் கட்டிக்கிட்டு வந்தா கடைசி வரிசையிலேருந்து நான்தானே பாக்கணும்லா!"

பொய் சொல்கிறார் என்று தெரிந்திருந்தால் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். என் மனைவி வேறு சேலைகளைப் புரட்டிக்கொண்டிருக்க, அவரைப் பக்கத்துக் காப்பிக்கடைக்கு அழைத்துப் போய் நேராகவே கேட்டேன். "உங்க கண்ணுல குறையே படாதாண்ணே?"

"ஏன் படாம? அது தானா வந்து முன்னாடி நிக்கும். நல்லதைத்தான் தேடணும், தம்பி. கிடைக்கிற வரைக்கும் நான் வாயத் திறக்கிறதில்ல." கோப்பையை வைத்தார். "என் குறையெல்லாம் தெரிஞ்சும் ஆண்டவர் என்னைச் சேத்துக்கிட்டாரு. நான் போயி மத்தவங்களுக்குப் பரீட்சை வைக்கவா?"

"சரி, என்கிட்ட என்ன நல்லதக் கண்டீங்க?"

"இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்லா," என்று குலுங்கிச் சிரித்தார். பிறகு சொன்னார்: "உன் பிள்ளை வாசிக்கும்போது அந்த மேசையிலேருந்து உன் கை நகராது. அவ சத்தம் கொஞ்சம் குறைஞ்சாலும் தூக்கி விடுவ. ஆனா அது அவளுக்குத் தெரியாது, தம்பி."

குவீன்ஸ்டவுனில் அவர் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த துக்க ஆராதனைக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். போகிற வழியில் பெனிட்டா, "இன்னைக்கு மட்டும் வாசிக்கிறேன்பா. அப்புறம் நிறுத்திடுவேன். இனிமே யாருக்கு வாசிக்கிறது?" என்றாள். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். அங்கே வந்திருந்த கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சல். நான் போனால் இவ்வளவு நாற்காலி தேவைப்படாது.

கடைசிப் பாட்டில் அண்ணி அழுததும் எல்லோரும் உடைந்து பாட்டு நின்றுவிட்டது. கீபோர்டு மட்டும் நிற்கவில்லை. சேர்த்து அழுத்துகிற ஸ்வரங்களில் ஒரு கார்டு தப்பாக விழுந்தது. அது என் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது. முடிந்ததும் அவள் வழக்கம்போல் நிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்த்தாள். அங்கே தெரியாத முகங்கள். நான் வாயைத் திறக்காமல், ஸ்பீக்கர் வயர்களைச் சுருட்டி முடித்துவிட்டு அவளிடம் போனேன்.

"எல்லாரும் பாட்ட விட்டுட்டாங்க. நீ விடல. அவங்க திரும்பி வர்ற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருந்த."

என்னையே பார்த்தாள். "ஒரு கார்டு தப்பு. கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"வேற ஒண்ணு தேடிக்கிட்டு இருந்தேன்லா."

அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த ஞாயிறும் வாசித்தாள். வாய் திறப்பதற்கு முன் தேடுகிற அந்தக் கொஞ்ச நேரத்தை அண்ணனிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். பொறாமையும் இருக்கிறது, அதை விடுவதாக இல்லை. ஏனென்றால் பாட்டு முடிந்ததும் அவள் முதலில் பார்த்தது கடைசி வரிசையைத்தான். அதன்பிறகுதான் பார்வை கீழே இறங்கி வந்து, என் மாடியில் நின்றது.