செங்கல் சிவப்பு

“அண்ணாச்சி, கண்ணுல இருந்து கைய எடுங்க!”

ஸ்ரீவைகுண்டம் பேருந்தில் முன் இருக்கை வாழைக்காய் வியாபாரி திடுக்கிட்டுக் கையை இறக்குகிறார். அதட்டிய அம்மாள் ஆள்காட்டி விரலை ஒருமுறை ஆட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கடலை கொறிக்கிறார். யாராவது கண்ணைக் கசக்கினால் டாக்டர் ஃபெபிக்குப் பொறுக்காது. போன ஈஸ்டரன்று பிரசங்கத்துக்கு நடுவில் கண்ணைக் கசக்கிய போதகருக்கும் மூன்றாம் வரிசையிலிருந்து அதே விரல்தான் எழும்பியது.

பாளையங்கோட்டைக்காரர். மருத்துவக் கல்லூரியில் கண் பேராசிரியர். அவர் உயிரை விடுவது கண்ணுக்குப் பின்னால் மூளைக்குப் போகிற பார்வை நரம்புக்காக. புரை எடுக்கிற டாக்டருக்கு மறுநாளே நோயாளி வாழைத்தாரோடு வந்து நிற்பார். நரம்புக்காரருக்கு அந்தக் கொடுப்பினை ஏது? நரம்பு தன் இஷ்டத்துக்குத்தான் தேறும், தேறாமலும் போகும். “ஒந் தொழிலுக்கு ஒரு எலுமிச்சம்பழம்கூட வராதுட்டி” என்று கணவர் எட்வின் சீண்டுவார். “வந்தா நீங்க ஊறுகா போட்டுருவிய, அதான் கர்த்தர் தரல” என்பது பதில்.

வெள்ளைக் கோட்டுப் பையில் டார்ச்சோடு, சிவப்பு மூடி போட்ட பழைய சொட்டுமருந்துக் குப்பி ஒன்றும் கிடக்கும். நரம்பு கெட ஆரம்பித்தால் பலருக்கு முதலில் வெளுப்பது சிவப்புதான். “இந்த மூடி என்ன செவப்பு? மொளகாப்பழமா, தக்காளியா, செங்கலா?” என்று கேட்பார். மிளகாய்ப்பழம் என்றால் நரம்பு நலம், செங்கல் என்றால் கேடு. இதையே ஆய்வுக் கட்டுரையாக எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பியபோது, எண்ணாக மாற்றித் தரச் சொன்னார்கள். “எங்கூர்ல எவன் செவப்ப எண்ணுதான்?” என்று முணுமுணுத்தபடியே மாற்றிக் கொடுத்தார். கட்டுரை வெளியானது. வகுப்பில் இன்றைக்கும் செங்கல்தான்.

போன வருஷம் மழைக்கு முன்னால் புன்னக்காயலிலிருந்து கபிரியேல் வந்தார். படகோட்டி. கண்ணைக் கசக்கிக்கொண்டே உள்ளே நுழைந்தார். ஃபெபி நாற்காலியிலிருந்தே விரலை ஆட்டினார். மனுஷன் கசக்குவதை நிறுத்தவே இல்லை. அந்த விரலுக்கு அடங்காத ஆளை அவர் அன்றுதான் பார்த்தார்.

“எதுர வார போட்டுல செவப்பு வெளக்கு எது, பச்ச வெளக்கு எதுன்னு பிடிபடல டாக்டரம்மா. அன்னைக்கு மோதப் பாத்தேன்.”

மேற்படிப்பு மாணவர் அஃப்சல் டார்ச் அடித்துப் பார்த்தார், உள்ளே நரம்பின் முனையையும் பார்த்தார். ஒரு குறையும் தென்படவில்லை. “சும்மா சொல்லுதாரோ என்னமோ மேடம்” என்று காதோடு சொன்னார்.

ஃபெபி மூடியைத் தூக்கிக் காட்டினார். வலக்கண்ணுக்குச் செங்கல். இடக்கண்ணுக்கும் அதே செங்கல்.

“ஏல, கசக்காதியன்னு நான் வெரல ஆட்டுனது அவருக்குத் தெரியல. இது சும்மாவா?” என்றவர், என்ன குழம்பு என்று விசாரிக்கிற மாதிரி கபிரியேலிடம் கேட்டார்: “ஒண்ணுக்கு ஆரஞ்சு நெறமா போகுதோ அண்ணாச்சி?”

கபிரியேல் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். கூட வந்திருந்த மனைவி மார்கரெட் முந்திக்கொண்டார். “ஆமா டாக்டரம்மா! கட்டுத சாரமெல்லாம் கறை. மஞ்சக்காமாலைன்னுல்லா தெனமும் கீழாநெல்லி அரச்சுக் குடுக்கேன்!”

காமாலையாவது ஒன்றாவது! காசநோய் மாத்திரை. அதில் சிறுநீரின் நிறத்தை மாற்றுவது ஒன்று. அதோடு சேர்த்துத் தரும் இன்னொன்று, அபூர்வமாகச் சிலருக்கு, இரண்டு கண் நரம்பையும் ஒரே சீராகக் கெடுத்துவிடும். மகள் ஸ்டெஃபிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். விஷயம் கசிந்தால் மாப்பிள்ளை வீட்டார் நழுவிவிடுவார்கள் என்று மனுஷன் பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. மாத்திரையை வலைக்கடியில் ஒளித்துவைத்து, நடுக்கடலில் போய் விழுங்கியிருக்கிறார். கரைக்கு வந்து கீழாநெல்லியையும் குடித்திருக்கிறார், பாவம்.

“கண்ணு திரும்பிருமா?”

ஃபெபிக்குப் பொய் வராது. “வரலாம், வராமலும் போகலாம். மாத்திரைய நீங்களா நிறுத்திராதிய. அந்த ஒண்ண மட்டும் மாத்தச் சொல்லுதேன். கடலுக்கு மட்டும் போகப்பிடாது.” அங்கேயே காசநோய் மருத்துவரைப் போனில் பிடித்துப் பேசினார். அன்று ராத்திரி ஃபெபி பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். அந்த மனுஷன் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று எட்வின் மேல் எரிந்து விழுந்தார். எட்வின் என்ன செய்வார்!

மாதாமாதம் கபிரியேல் வந்தார். செங்கல் என்றார். மறுபடியும் செங்கல். கிறிஸ்துமஸ் கழிந்தும் செங்கல். அவர் போனபிறகு ஃபெபி அடுத்த நோயாளியிடம் காரணமில்லாமல் சிடுசிடுப்பார்.

போன செவ்வாய்க்கிழமை மூடியைத் தூக்கியதும் கபிரியேல் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டார். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“தக்காளி. நல்லாப் பழுத்த தக்காளி.” கையை மாற்றி மற்றக் கண்ணைப் பொத்திக்கொண்டார். “இங்கன மொளகாப்பழமே தெரியுது டாக்டரம்மா!”

மார்கரெட் சிலுவை போட்டுக்கொண்டார்.

“சரி சரி, நான் சொல்லுத வரைக்கும் போட்டுப் பக்கம் போகப்பிடாது. அஃப்சல், அடுத்த ஆளக் கூப்பிடு” என்று வழக்கத்தைவிடச் சத்தமாக அதட்டிவிட்டு, ஃபெபி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கு கசக்கென்று கசக்கினார்.

நீள அறையின் மறுகோடியில், வாசலைத் தாண்டப்போன கபிரியேல் திரும்பிப் பார்த்தார். நின்ற இடத்திலிருந்தே ஆள்காட்டி விரலை உயர்த்தி, அவரைப் பார்த்து ஆட்டினார்.