வளையம் பிடிக்காத தாடை

தில்லையடியில் நஸீமின் லேத் பட்டறைக்குப் போனால், வேலையோடு அவருடைய பெருமையையும் சேர்த்துக் கேட்டுத்தான் வர வேண்டும். "என்ட கையால கடைஞ்ச சாமான் மயிரிழையும் ஆடாது" என்பார். மனைவி பளீலாவும் அங்கேதான் வேலை செய்கிறாள். போல்ட்டும் வொஷரும் கடைவாள். அதற்கு மேல் தொட விடமாட்டார் மனுஷன்.

அந்த வெள்ளிக்கிழமை, உடப்பு மீனவன் டிலக்‌ஷன் தன் படகுத் தண்டைத் தாங்கும் குழாய் போன்ற ஒரு வெண்கலப் புஷ் கொண்டுவந்தான். இரண்டு மாதம் காத்திருந்து வார்ப்பித்தது, ஒன்றே ஒன்று. அது பழுதானால் படகு கரையில்தான். மெல்லிய சாமான்; லேத்தில் சாமானைக் கவ்விச் சுற்றும் சக்கின் உருக்குத் தாடைகள் பிடித்தால் நசுங்கிவிடும். அதனால் நஸீம் மெல்லிரும்புத் தாடைகளைப் பூட்டி, புஷ்ஷின் அளவுக்கே அவற்றின் உட்புறத்தைக் கடைந்தார். அதற்குள் ஜும்ஆவுக்குப் பாங்கு கேட்டது. அரக்கப்பரக்க முடித்துவிட்டு ஓடினார்.

திரும்பி வந்து, புஷ்ஷை இறுக்கி, ஆட்டத்தைக் காட்டும் டயல் கேஜை வைத்து சக்கைச் சுற்றினார். முள் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் துள்ளியது. புஷ்ஷைக் கழற்றி மறுபடி இறுக்கினார். அப்போதும் துள்ளியது.

"யா அல்லாஹ்!" என்று கத்தினார். "பளீலா! வெள்ளிக்கிழம எண்டு தாடையைக் கழட்டிக் கழுவிட்டியா? குடியக் கெடுத்திட்டியே!"

உப்புக்காற்றில் துருவேறும் என்று வெள்ளிதோறும் அவள் அப்படித்தான் கழுவுவாள். ஆனால் கடைந்த தாடையைக் கழற்றிப் பூட்டினால் அளவு தப்பிவிடும். டிலக்‌ஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நான் கழட்டல்ல. இண்டைக்குக் கடைஞ்ச தாடை எண்டு எனக்குத் தெரியாதா? தாடை போல்ட்டைப் பாருங்க."

பார்த்தார். போல்ட் தலைகளில் காலையில் கடைந்தபோது விழுந்த இரும்புச் சுருள் கலையாமல் அப்படியே கிடந்தது.

பளீலா சுவரைக் காட்டினாள். ஆணியில் இரும்பு வளையம் தொங்கியது. "காலையில அத எடுத்தீங்களா?"

அட பாவி மனுஷா! தாடையை வெறுமையாகக் கடையலாமா? அடியில் வளையத்தைக் கவ்வ வைத்து, சாமானைப் பிடிக்கும் அதே இறுக்கத்தில் கடைய வேண்டும். இல்லாவிட்டால் இறுக்கும்போது தாடை சரியும், சாமான் ஆடும். ஊருக்கெல்லாம் இதைச் சொன்னவரே மறந்துவிட்டார். அந்தப் பழியைப் பெண்சாதி தலையில் வேறு போட்டுவிட்டார். நஸீமுக்கு வெட்கத்தில் காது சுட்டது. வளையத்தை எடுக்கக் கையை நீட்டினார்.

"நஸீம் நானா, குறை நினைக்காதீங்க" என்றான் டிலக்‌ஷன். "அக்காவே கடையட்டும்."

இந்த வார்த்தையை நஸீமின் முகத்துக்கு நேரே எவனும் சொன்னதில்லை. அவர் புஷ்ஷைக் கழற்றி, பளீலாவின் கையில் வைத்துவிட்டு, லேத்தை விட்டு விலகினார்.

"வளையத்த நல்லா இறுக்கிப் புடி" என்றார் மெதுவாக.

"தெரியும்" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.