பி நெகட்டிவ், ஊர் கோபி

உக்கடத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து ஆர்.எஸ்.புரம் போய்ச் சேருவாள் சாஜிதா பேகம். அங்கே ஒரு மாடியில் இரத்ததான மன்றம். யாரோ நன்கொடையாகக் கொடுத்த கம்ப்யூட்டர் ஆறு மாதமாக உறை போர்த்திக் கிடந்தது. டைப்ரைட்டிங் ஹையரும் ஃபாக்ஸ்ப்ரோ என்ற கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்திருந்த சாஜிதாவை, 1996இல் அதற்காகவே வேலைக்கு எடுத்தார்கள்.

முகாம்களில் எழுதி வாங்கிய அட்டைகளை எல்லாம் நான்கு மாதத்தில் அடித்து ஏற்றிவிட்டாள். பேர், வயசு, இரத்த வகை, ஊர், போன் என்று எட்டுப் பத்திகள், மூவாயிரம் வரிசைகள்.

மன்றச் செயலாளர் நரசிம்மலு பம்ப் வியாபாரி, நல்ல மனுஷர். யாராவது இரத்தம் கேட்டால் முழுப் பட்டியலையும் பிரிண்ட் போடச் சொல்வார். காகிதத்தைத் தரையில் விரித்து, சிவப்புப் பென்சிலோடு மண்டியிட்டுத் தேடுவார்.

ஒருநாள் சாஜிதா, "நாலு பேருக்காக மூவாயிரம் பேரையும் எதுக்குங்க சார் எழுப்பணும்?" என்று கேட்டு, ஒரே ஒரு வரி அடித்தாள். பேரும் போனும் மட்டும் வேண்டும். ஓ பாசிட்டிவ், பீளமேட்டுக்காரர்கள் மட்டும் வேண்டும். திரையில் ஏழே ஏழு வரிசை வந்து நின்றது.

நரசிம்மலுவுக்கு முகம் வெளிறிவிட்டது. "மத்தவங்க எல்லாம் அழிஞ்சு போயிட்டாங்களா அம்மணி?"

"எல்லாரும் உள்ள பத்திரமா இருக்காங்க சார். நாம கேட்டவங்கதான் வெளிய வந்திருக்காங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கோபிசெட்டிபாளையத்து ஆஸ்பத்திரியிலிருந்து போன். நாச்சியம்மாள் என்ற பெண்ணுக்குப் பிரசவத்தில் இரத்தம் நிற்கவில்லை. பி நெகட்டிவ் உடனே வேண்டும்.

சாஜிதா அடித்தாள்: வகை பி நெகட்டிவ், ஊர் கோபி. ஒருவர்கூட வரவில்லை.

"அப்ப ஆருமே இல்லீங்களா?" நரசிம்மலுவின் கை பிரிண்டர் சுவிட்சுக்குப் போனது.

"சித்த இருங்க சார்."

அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம். அட்டையில் என்ன எழுதியிருந்ததோ அதைத்தானே அப்படியே அடித்து வைத்தாள்? ஊர் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, வகையை மட்டும் வைத்தாள். பேர், போனோடு ஊர்ப் பத்தியையும் கேட்டாள். பத்தொன்பது வரிசை வந்தது. சிங்காநல்லூர், பொள்ளாச்சி, பவானி... பதினான்காவதில், ஐயாசாமி, ஜி.சி.பாளையம்.

"கோபியேதான் சார்! வேற மாதிரி எழுதிட்டாங்க. நமக்குத்தான் அது ஒரே ஊரு, இந்தக் கம்ப்யூட்டருக்கு ரெண்டு."

போன் பத்தியில் இருந்தது அவர் வீட்டுக்குப் பக்கத்து சைக்கிள் கடையின் நம்பர். விஷயத்தைக் கேட்ட கடைக்காரர், "அவரு தோட்டத்துல தண்ணி கட்டீட்டு இருக்காருங்க. நானே போய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போறேனுங்க" என்று சொல்லி, ரிசீவரை வைத்துவிட்டு ஓடினார்.

அதன்பின் செய்ய ஒன்றுமில்லை. சாஜிதா டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. நரசிம்மலு மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணிக்கு போன் அடித்தது. தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் சுகம். "யா அல்லா" என்று நாற்காலியில் சாய்ந்தவள், அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

அந்த வாரம் முழுக்க ஊர்ப் பத்தியைத் திருத்தினாள். கோபியை ஐந்து விதமாக எழுதியிருந்தார்கள். மேட்டுப்பாளையத்தை ஒன்பது விதமாக.

அடுத்த மாதம் கோவைக்கு ஏதோ வேலையாக வந்த ஐயாசாமி மாடியேறி வந்தார். "ஏனுங்க அம்மணி, இத்தனை சனத்துல என்னைய எப்படிங்க புடிச்சீங்க?"

அவருடைய வரிசையை மட்டும் எட்டுப் பத்தியோடும் எடுத்துக் காட்டினாள். சின்னப் பையன் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி விரல் வைத்துப் படித்து வந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"வயசு அம்பத்தொண்ணுன்னு இருக்குதுங்க. எனக்கு நாப்பத்தொம்பதுதானுங்களே!"

அவர் எதிரிலேயே திருத்தினாள். இரண்டு வயது குறைந்த மனுஷர், படியில் வேகமாக இறங்கிப் போனார்.