குழாயடியில் கழுவிய மஞ்சள்

நான்காம் வகுப்பில் எனக்கு ஒருத்தர்மேலும் நம்பிக்கை கிடையாது. காரணம் ஒரு படப்புத்தகம்.

வெள்ளிக்கிழமையானால் அம்மா என் முகத்தில் மஞ்சளை அப்பி, தலையில் கனகாம்பரம் வைத்துத்தான் பள்ளிக்கு அனுப்புவாள். தேனியிலிருந்து கொச்சிக்கு வந்து பத்து வருஷமாகியும் மட்டாஞ்சேரி அவளை மாற்றவில்லை. மாறியவள் நான்தான். வழியில் தெருக்குழாயில் மஞ்சளைத் தேய்த்துக் கழுவுவேன், பூவைப் பைக்குள் திணிப்பேன், வகுப்பில் வாய் நிறைய மலையாளம் பேசுவேன். எவளாவது தமிழச்சி என்று கண்டுகொண்டு ‘பாண்டி’ என்று கேலியாகக் கூப்பிட்டுவிட்டால் செத்தேன் என்றிருந்தது.

அப்படியிருக்க, வகுப்பு அலமாரிக்குப் புதிதாக வந்த புத்தகம் ஒன்றைப் பிரித்தால், அதில் நான்! கறுத்த பெண், இரட்டைச் சடை, தெருக்குழாயில் குனிந்து முகம் கழுவுகிறாள். தண்ணீர் மஞ்சளாக ஓடுகிறது. படக்கென்று புத்தகத்தை மூடினேன். எந்தப் படுபாவியோ ஒளிந்திருந்து பார்த்திருக்கிறான்.

குழாய்க்கு எதிரே சாயாக்கடை வைத்திருந்த சேட்டன் என்னைக் கண்டால் சிரிப்பார். அவர்தானோ? டீச்சர் எந்நேரமும் போனில் எங்களைப் படம் எடுப்பார். அவரேதானோ? பெற்ற அம்மாவையும் நான் விட்டுவைக்கவில்லை.

“நம்மள யாராச்சும் போட்டோ புடிச்சாங்களாம்மா?”

“ஆமா, நம்ம மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்” என்றாள்.

அன்று மாலையே புத்தகத்தைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு, அம்மா சுக்குப் புடைக்கும் கிடங்குக்குப் போய், வாய் திறந்திருந்த சாக்கு ஒன்றில் ஆழமாகப் புதைத்தேன். மறுநாள் எடுத்து எரித்துவிடுவதாகத் திட்டம். மறுநாள் போனால் சாக்கையே காணோம். தைத்து, லாரியில் ஏற்றி, வல்லார்பாடம் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மானம் கப்பலேறிவிட்டது என்று ஊரில் அழுவார்கள். என் மானமோ கப்பலேறித்தான் பிழைத்தது. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

எல்லோரும் அந்தப் புத்தகத்தை மறந்துவிட்டார்கள், பின்பெஞ்சுக்காரி ஒருத்தியைத் தவிர. வாயே திறக்காத பெண். இடைவேளை விட்டால் அலமாரியைக் குடைவாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை நேராக என்னிடமே வந்தாள்.

“ஆ குழாய்ப் புத்தகம் கண்டோ?”

“கண்டில்ல.”

“எனிக்கு அது ஒண்ணுகூடி காணணும்” என்றாள். இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

நானா ஏமாறுவேன்? படத்தையும் என் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்புக்கே காட்டத்தான் இந்தக் கண்ணீர் என்று கண்டுபிடித்துவிட்டேன். அவளை உச்சி முதல் பாதம் வரை அளந்தேன். முன்நெற்றி மயிர் நனைந்திருந்தது. காதுக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு தீற்றல். உளவு பார்க்க வருகிறவள் சாக்பீஸ் தூளையாவது துடைத்துவிட்டு வரக் கூடாதா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.